குளத்துக்குப் போகிற தண்ணீர்

ஆகஸ்ட் 28, வியாழன்

கடைசியில் அனுப்பியே விட்டார்கள். வேலையில் சேர்ந்த நாள் முதல் குடிதண்ணீரில் இருந்தவன் நான். ஆற்றங்கரை நீரேற்று நிலையத்தில் நம்பிராஜன் என்றால் தெரியாதவர்கள் கிடையாது. ஒரு வால்வு விஷயமாகப் பொறியாளரிடம் நாலு வார்த்தை கூடப் பேசிவிட்டேன். அதற்குக் கூலி இது. உத்தரவில் ‘கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்’ என்று மரியாதையாகத்தான் போட்டிருக்கிறது. எப்படிப் போட்டால் என்ன, ஊர்ச் சாக்கடை மொத்தமும் வந்து விழுகிற இடம்.

வீட்டில் கோமதியிடம், “வேற எடத்துக்கு மாத்திட்டான். அங்கயும் தண்ணி சுத்தம் பண்ணுத வேலதான்” என்று சொன்னேன். இதில் பொய் ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

இங்கே கெமிஸ்ட் ஒரு பெண். ஜெபக்கனி. முப்பது வயது இருக்கலாம். வந்ததும் வராததுமாக, “வாங்கண்ணாச்சி, முழுசா ஒருக்கா சுத்திப் பாத்துருவோம்” என்று கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது.

முதலில் கம்பிச் சல்லடை. பாலிதீன் பை, சீலைத்துணி, பிள்ளைகளின் பந்து எல்லாம் அதில் மாட்டிக்கொள்கிறது. அப்புறம் மண் படிகிற தொட்டி. அப்புறம் கிழக்கும் மேற்குமாக இரண்டு பெரிய தொட்டிகள். அடியிலிருந்து காற்றை ஊதி ஊதிப் பழுப்பாக நுரைத்துக்கொண்டு கிடக்கின்றன. அடுத்து வட்டத் தொட்டிகள். அதில் சேறு அடியில் தங்க, தெளிந்தது மேலே வழிகிறது. கடைசியில்தான் கொஞ்சம் குளோரின் போட்டு வாய்க்காலில் விடுகிறார்கள். குளோரினைப் பார்த்ததும் வெளியூரில் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது.

“இந்த வாய்க்கா எங்க போவுது?” என்று பம்ப் ஆபரேட்டர் மாசானத்திடம் கேட்டேன்.

“ஆவாரங்கொளத்துக்கு, அண்ணாச்சி. மழ இல்லாத மாசமெல்லாம் கொளத்துக்கு இந்தத் தண்ணிதான்.”

ஆவாரங்குளம் என் மகள் வடிவைக் கட்டிக்கொடுத்த ஊர்க் குளம். அதில் மீன் குத்தகை எடுத்திருப்பவர் சம்மந்தி பலவேசம். ஞாயிறு தவறாமல் அந்த மீன்தான் எங்கள் வீட்டுக் குழம்பில் கிடக்கிறது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

பலவேசம் தூக்குவாளியில் விரால் கொண்டுவந்தார். எனக்கு வயிறு சரியில்லை. ரசம் ஊற்றிச் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

இன்றும் வயிறு சரியில்லை. “ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாங்களேன்” என்கிறாள் கோமதி.

செப்டம்பர் 9, செவ்வாய்

அலுவலக ஜன்னலைத் திறந்தால் எதிரே கிழக்குத் தொட்டி. பழுப்பு நுரையைப் பார்த்துக்கொண்டே எப்படிச் சோறு தின்பது?

இந்தப் பெண்ணுக்கு அது ஒன்றும் தோன்றுவதில்லை. காலையில் தொட்டியில் ஒரு குவளை முகந்து, உயரமான கண்ணாடிக் குழாயில் ஊற்றி, சேறு எப்படிப் படிகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்கிறது. அப்புறம் ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துக் குனிந்தால் நிமிர்வதில்லை. இன்று என்னையும் கூப்பிட்டது.

“பாருங்கண்ணாச்சி, எவ்வளவு இருக்குன்னு பாருங்க.”

பார்த்தேன். காம்பு வைத்த மணி போல என்னவோ கூட்டம் கூட்டமாக. திடீரென்று காம்பைச் சுருக்குவதும் நீட்டுவதுமாக. தண்ணீரில் உயிரோடு ஏதாவது தெரிந்தால் அதைக் கொல்வதற்குத்தான் இத்தனை வருடமும் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். “சாப்பிடப்போற நேரத்துல இதையெல்லாம் காட்டாதம்மா” என்று எழுந்து வந்துவிட்டேன். இவ்வளவு கிருமியை வைத்துக்கொண்டு இந்தப் பெண் சிரித்த முகமாக இருப்பது எனக்குப் புரியவில்லை.

செப்டம்பர் 17, புதன்

புரட்டாசி பிறந்தது. பெருமாள் காப்பாற்றினார். இனி ஒரு மாதத்துக்கு மீன் வேண்டாம் என்று சொல்லக் காரணம் தேட வேண்டாம். வயிற்றுவலிக்கும் விடுதலை.

செப்டம்பர் 21, ஞாயிறு

நாளை மாவட்டத்திலிருந்து அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள். ஜெபக்கனி தங்கை நிச்சயதார்த்தத்துக்கு ஊருக்குப் போயிருக்கிறது, காலையில்தான் வரும். பொறுப்பு என் கையில். வருகிறவர்கள் என் அலுவலகத்தில் உட்கார்ந்துதான் டீ குடிப்பார்கள். ஜன்னலுக்கு வெளியே இந்த நாற்றமும் நுரையும் கிடக்கலாமா?

ஸ்டோரில் ப்ளீச்சிங் பவுடர் மூட்டை மூட்டையாக இருந்தது. மாசானத்தைக் கூட்டிக்கொண்டு, அவ்வளவையும் கிழக்குத் தொட்டியில் கொட்டினோம்.

“கெமிஸ்டக்கா கிட்ட ஒரு போன் போட்டுக் கேக்காண்டாமா, அண்ணாச்சி?”

“குளோரினப் பத்தி எனக்கா சொல்லப்போற? எத்தன ஊரு குடிச்ச தண்ணிக்குப் போட்டவன்டா நான்.”

சாயங்காலத்துக்குள் நுரை ஒடுங்கிவிட்டது. அலுவலகமெல்லாம் குளோரின் வாசம். வந்த நாளிலிருந்து இன்றுதான் இந்த இடம் என் இடம் மாதிரி இருந்தது. ராத்திரி நிம்மதியாகத் தூங்கப்போகிறேன்.

செப்டம்பர் 22, திங்கள்

எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

ஜெபக்கனி கேட்டுக்குள் நுழையும்போதே சந்தோஷமாகச் சொன்னேன், நாற்றத்தை ஒழித்துவிட்டேன் என்று. எப்படி என்று கேட்டது. சொன்னேன். பையைத் தரையில் போட்டுவிட்டுத் தொட்டிக்கு ஓடியது. ஒரு சொட்டு எடுத்துவந்து மைக்ராஸ்கோப்பில் வைத்தது. ரொம்ப நேரம் பார்த்தது.

“ஒண்ணுகூட அசையலண்ணாச்சி.”

அசையாமல் இருந்தால் நல்லதுதானே என்று நான் கேட்டேன். அப்போதும் எனக்குப் புத்தி ஓடவில்லை.

அந்தப் பெண் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னது. “இந்த ஊரு அழுக்கத் தின்னு தீக்குறதே அதுகதாம். நீங்களும் நானும் என்ன செய்யோம்? அதுகளுக்குக் காத்து குடுக்கோம், அளவாத் தீனி போடுதோம், ஒடம்பு நல்லா இருக்கான்னு நாள் தவறாமப் பாத்துக்கிடுதோம். அவ்வளவுதாம். வேல செய்யது முழுக்க அதுக. குடிதண்ணியில அதுக இருக்கக் கூடாது. இங்க அதுக இல்லாம முடியாது. வேல முடிஞ்ச பெறவு, கடைசித் தொட்டியிலதான் நம்ம குளோரின்.”

கண்ணாடிக் குழாயைப் பார்த்தேன். என்றைக்கும் சேறு அடியில் படிந்து மேலே தெளிந்து நிற்கும். இன்று மேலிருந்து கீழ்வரை அரிசி களைந்த தண்ணீர் போலக் கலங்கி நின்றது.

உடனே வாய்க்கால் மடையை அடைக்கச் சொன்னது. இதுவரை போனது வட்டத் தொட்டியில் நின்ற பழைய நல்ல தண்ணீர், இனி வருவதுதான் ஆபத்து என்றது. வளாகத்துக்குப் பின்னால் பழைய குட்டை ஒன்று இருக்கிறது. இரண்டு தொட்டித் தண்ணீரும் கலந்தே வெளியேறுவதால், இனி எல்லாம் அதில்தான் விழும். குட்டை நிறைவதற்குள் கிழக்குத் தொட்டி உயிர் பிழைக்க வேண்டும். பிழைக்காவிட்டால் குட்டை வழிந்து அழுக்கு அப்படியே ஆவாரங்குளத்துக்குப் போகும். மழைக்கு முந்தின மாதம், குளத்தில் தண்ணீர் முழங்காலளவுதான். மீன் ஒன்றுகூட மிஞ்சாது.

பலவேசம் வீட்டு அடுப்பு அந்தக் குளத்தை நம்பி எரிகிறது. வடிவு சாப்பிடுவதும் அந்த அடுப்பில்தான். நான் இதை ஜெபக்கனியிடம் சொல்லவில்லை.

பதினோரு மணிக்கு அதிகாரிகள் வந்தார்கள். அதற்கு முன்னாலேயே பொறியாளர் ஜெபக்கனியிடம் போனில், மடையைத் திறந்துவை, எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல் என்றாராம். இந்தப் பெண் வந்தவர்களை நேராகக் கிழக்குத் தொட்டிக்குக் கூட்டிக்கொண்டு போய், “இது செத்துப்போச்சு சார். தண்ணிய வெளிய விடாம நிறுத்தி வச்சிருக்கோம்” என்று சொல்லிவிட்டது. யார் செய்தது என்று கேட்டார்களாம். “எங்க பிளான்ட்ல நடந்தது சார். நாங்க சரி பண்ணுதோம்” என்றதாம்.

மாசானம்தான் வந்து சொன்னான். அந்த நேரத்தில் நான் மேற்கே மோட்டார் பார்க்கப் போயிருந்தேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

மேற்குத் தொட்டியிலிருந்து உயிருள்ள சேற்றைக் குழாய் வைத்துக் கிழக்கே ஏற்றினோம். பக்கத்து ஊர் நிலையத்திலிருந்தும் டேங்கர் லாரியில் சேறு வந்தது. நாற்றம் பிடித்த பழுப்புச் சேறு. அது ஒரு சொட்டு வெளியே சிந்தினாலும் எனக்குப் பதறியது. மாசானத்தைத் திட்டிவிட்டேன்.

சாக்கடையை ஒரேயடியாக விடக்கூடாதாம். காய்ச்சலில் கிடந்து எழுந்தவனுக்குக் கஞ்சி ஊற்றுவது போலக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறோம். தண்ணீரில் காற்று எவ்வளவு கரைந்திருக்கிறது என்று மணிக்கொரு தரம் மீட்டர் போட்டுப் பார்க்கிறது ஜெபக்கனி. கூடினாலும் குறைந்தாலும் தொட்டிக்குக் காற்று அனுப்பும் ஊதுகுழலைத் திருத்த வேண்டும். அந்த வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அறிக்கையில் என் பேரைப் போடச் சொன்னேன். “போட்டா உங்களுக்கு மெமோ வரும்” என்றது. வரட்டும் என்றேன்.

செப்டம்பர் 25, வியாழன்

குட்டைச் சுவரில் அளவுக்கோடு வரைந்தேன். இது எனக்குத் தெரிந்த வேலை. விளிம்புக்குக் கீழே சிவப்புக் கோடு. அது வரை போகக்கூடாது.

செப்டம்பர் 27, சனி

மைக்ராஸ்கோப்பில் சின்னச் சின்னதாக எதுவோ விறுவிறுவென்று ஓடுகிறது. “இதுக முதல்ல வரும். இதுகள நம்பித் தண்ணி விட முடியாது. அன்னைக்குக் காட்டுன அந்தக் காம்பு வச்ச மணி வரணும். அது தெளிஞ்ச தண்ணியிலதான் நிலையா உக்காரும்” என்றது ஜெபக்கனி. நாளைக்கு மணி வருமா என்று கேட்டேன். சிரித்தது. இந்த ஒரு வாரத்தில் இன்றுதான் சிரித்தது.

செப்டம்பர் 28, ஞாயிறு

பலவேசம் வந்திருந்தார். புரட்டாசி என்பதால் மீன் இல்லாமல் வாழைக்காய்க் குலை கொண்டுவந்தார்.

“வாய்க்கால்ல ஒரு வாரமாத் தண்ணி வரல, சம்மந்தி. கொளம் இறங்கிக்கிட்டே போவுது. நடுவுல கொஞ்சம் போலத்தான் கெடக்கு. மீனெல்லாம் அங்கதான் நெருக்கிக்கிட்டு நிக்கி.”

மழை வரும் என்றேன். வேறு என்ன சொல்ல? அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே காப்பி குடித்தார். தண்ணீர் விட்டாலும் மீன் சாகும், விடாவிட்டாலும் சாகும். இரண்டும் என் கைங்கரியம். அவர் போன பிறகு கோமதி, “ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?” என்றாள். புரட்டாசி விரதம், பசி என்றேன்.

அக்டோபர் 1, புதன்

விடுமுறை நாள். போனேன்.

குட்டை சிவப்புக் கோட்டை நெருங்குகிறது. மடைச் சக்கரத்தில் கை வைத்துக்கொண்டு நின்றேன். கொஞ்சம்தான் திறந்தால் என்ன, காய்கிற குளத்துக்குப் பாதித் தண்ணீராவது போகுமே என்று தோன்றியது. ஜெபக்கனி பார்த்துவிட்டது. விடுமுறையிலும் அதுவும் வந்திருக்கிறது. என்னைத் திட்டவில்லை. லேபுக்குக் கூட்டிக்கொண்டு போனது.

பெட்டி ஒன்றில் சூடு கூடாமல் குறையாமல் மூன்று நாள் மூடி வைத்திருந்த குட்டைத் தண்ணீர்க் குப்பிகள். “மூடும்போது இதுல நல்ல காத்து கரைஞ்சிருந்தது. தண்ணியில மிச்சம் கெடக்க அழுக்கு எவ்வளவு காத்தக் குடிக்குன்னு பாக்கத்தான் மூணு நாள் வைக்கோம். இப்பம் பாருங்க” என்று மருந்து ஊற்றிக் காட்டியது. கரைந்திருந்த காற்று கொஞ்சமும் மிஞ்சவில்லை. “இதக் கொளத்துல விட்டாலும் இதே கததான். மீன் மூச்சு விடுத காத்த அழுக்கு குடிச்சிரும். கொளம் சுண்டினாலும் பரவால்ல அண்ணாச்சி, கெட்ட தண்ணி போவக் கூடாது. சுண்டின கொளத்துல மீன் கொஞ்ச நாள் தாங்கும். இதுல ஒரு ராத்திரி தாங்காது.”

எத்தனை படித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மேலிடத்தில் கேட்கிறபடி எண்களை மாற்றி எழுதுவதற்கே படித்தவர்கள் அதில் பாதி. இந்தப் பெண்ணுக்கு யார் போன் போட்டாலும் குப்பி சொல்வதுதான் பேச்சு. எனக்கு ஒரு மகள்தான். இரண்டு இருந்திருக்கலாம் என்று இன்று நினைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 4, சனி

மத்தியானம் இடி இடித்துக் கொட்டித் தீர்த்துவிட்டது. தெருத் தண்ணீரும் சேர்ந்து சாக்கடையில் வந்தது. கண் முன்னால் குட்டை சிவப்புக் கோட்டை முழுங்கியது.

நான், மாசானம், ஜெபக்கனி மூன்று பேரும் சாக்கில் மணலை அள்ளிக் கரையில் அடுக்கினோம். அந்தப் பெண் சுடிதாரை முழங்காலுக்கு மேல் சுருட்டிக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி நின்றது. நடுவில் ஒரு மூட்டை சரிந்து வழியத் தொடங்கியது. நான் அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன். எனக்குத் தெரிந்த பொறியியல் அப்போது அதுதான். மாசானம் அடுத்த மூட்டையோடு வரும்வரை எழுந்திருக்கவில்லை. முதுகு வழியாகச் சாக்கடை தளும்புகிறது. ஜெபக்கனி சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டது.

கரை நின்றது. மழையும் நின்றது. இந்த ஒரு மழை குளத்தின் தரையை நனைத்திருக்கும், அவ்வளவுதான். வீட்டில் கோமதி வாசலிலேயே நிறுத்தி இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினாள். எங்கே விழுந்தீர்கள் என்று கேட்கவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

மணி வந்துவிட்டது.

நான்தான் முதலில் பார்த்தேன். ஜெபக்கனி வருவதற்கு முன்னாலேயே சொட்டு வைத்துப் பார்க்கப் பழகிவிட்டேன். ஒரே ஒரு மணி, ஒரு துணுக்குச் சேற்றில் காம்பை ஊன்றி ஆடிக்கொண்டு. திடீரென்று சுருங்கி, மறுபடி நீண்டது. வாயைச் சுற்றி மயிர் சுழல்கிறது, சுற்றிலும் கிடக்கிற அழுக்கையெல்லாம் உள்ளே இழுத்துக்கொள்கிறது. யாரும் பார்க்காத இடத்தில், யாரும் கும்பிடாமல், இந்த ஊர் கழித்துவிட்டதை எல்லாம் உட்கார்ந்து தின்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வயசாகிறது.

ஜெபக்கனி வந்ததும் நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டது.

அக்டோபர் 9, வியாழன்

இன்று நிறைய மணிகள். கண்ணாடிக் குழாயில் சேறு அடியில், மேலே தெளிவு. மூன்று நாள் குப்பியும் பாஸ். குட்டையில் நிற்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி உள்ளே ஏற்றிச் சுத்தம் செய்துகொள்ளலாமாம்.

“தொறங்கண்ணாச்சி” என்றது. சக்கரத்தை நான் திருப்பினேன். தண்ணீர் வாய்க்காலில் இறங்கியது. சாப்பாட்டு வேளையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு தண்ணீரோடு கூடவே வாய்க்கால் கரையில் போனேன். வெடித்துக் கிடந்த தரையில் அது நின்று நின்று போயிற்று. குளத்தில் விழுகிற வரை பார்த்துவிட்டு, ஊருக்குள் போகாமல் திரும்பிவிட்டேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

மெமோ வந்தது. பதில் எழுதிவிட்டேன்.

அதே தபாலில் இன்னொன்று. நீரேற்று நிலையத்தில் என் பழைய இடம் காலியாம். விருப்பம் இருந்தால் இந்த வாரத்துக்குள் எழுதித் தரலாமாம்.

கிழக்குத் தொட்டி ஊதுகுழலில் ஒரு பேரிங் சத்தம் போடுகிறது. முதலில் அதை மாற்ற வேண்டும்.

அக்டோபர் 19, ஞாயிறு

நேற்று ஐப்பசி பிறந்துவிட்டது. நாளை தீபாவளி. வடிவு வீட்டுக்கு எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். வாசலிலேயே மீன்குழம்பு வாசம். புரட்டாசியும் போய்விட்டது, வயிற்றுவலியையும் இத்தனை பேர் முன்னால் சொல்ல முடியாது.

இலையில் உட்கார்ந்ததும், சோற்றில் கை வைக்காமல் சொன்னேன். “சம்மந்தி, ஒங்க கொளத்துக்கு வார தண்ணி எங்கருந்து வருதுன்னு ஒங்களுக்குத் தெரியணும்.”

“ஒங்க பிளான்ட்ல இருந்து” என்றார் பலவேசம், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே.

நான் கோமதியைப் பார்த்தேன். அவள் வடிவைப் பார்த்தாள்.

“நீங்க அங்க இருக்கியன்னு ஆகஸ்ட்லயே தெரியும். மாசானம் எங்க வலைக்காரனுக்கு மச்சினன். நீங்களாச் சொல்லுவியன்னு பாத்தேன், சொல்லுத வழியக் காணோம்.”

“அதான் வேட்டிய ரெண்டு தடவ அலசுதனே” என்றாள் கோமதி. “ஒமக்கு மட்டுந்தான் ரகசியம்.”

பலவேசம் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். “அந்த பிளான்ட் வாரதுக்கு முன்னால இந்தக் கொளத்தப் பாத்திருக்கணும் நீங்க. ஊருச் சாக்கட நேரா வந்து விழும். கோடையில மீன் வெள்ள வெள்ளயா மொதக்கும். குத்தகைக்கு ஒரு ஆள் வரமாட்டான். இப்பம் அந்தக் கெமிஸ்டுப் பிள்ள மாசாமாசம் வந்து கொளத்துலயும் தண்ணி மோந்துட்டுப் போவுது. போவும்போது ரெண்டு கெண்ட வாங்கிட்டுப் போவும். அது திங்கித மீன நான் திங்க மாட்டனா?”

“அப்பம் போன மாசம் தண்ணி வராம நின்னுச்சே” என்றேன். “நீங்க பயப்படலயா?”

“பயந்தேன். மழ வராதோன்னு பயந்தேன். தண்ணிக்குப் பயப்படல. கெட்ட தண்ணி வந்துருந்தா எம்பொழப்பு அன்னைக்கே முடிஞ்சிருக்கும். வரலன்னதும் தெரிஞ்சிக்கிட்டேன், அங்க என்னமோ சரியில்ல, அந்தப் பிள்ள அடைச்சி வச்சிருக்குன்னு. சரியான பெறவு விடும்னு இருந்தேன். விட்டுச்சு.”

“அது சரியில்லாமப் போனதே என்னாலதான், சம்மந்தி. ப்ளீச்சிங்க அள்ளித் தொட்டியில கொட்டினது நான்.”

“தெரியும்” என்றார். “சரிஞ்ச மூட்ட மேல ஏறி உக்காந்ததும் நீங்கதாம். அதுவும் தெரியும். வடிவு, ஒங்கப்பாவுக்குத் தலையப் போடு.”

வடிவு பெரிய கெண்டைத் தலையை எடுத்து என் இலையில் வைத்தாள். எல்லோரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிட்டு வாயில் வைத்தேன். புளியும் பூண்டும் ஏறி, நல்ல ருசி. இரண்டாம் தடவையும் சோறு வாங்கினேன். கிளம்பும்போது ஜெபக்கனிக்கும் ஒரு தூக்குவாளியில் குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டேன்.